ஃபோஷானில் தங்கிவிட்ட மனைவி

குங்ஃபூ படத்தில் பிழை தேடுவது வெட்டிவேலை, அடி சரியாக விழுந்தால் போதும் என்ற பேச்சு இப்போது ரசிகர்களிடம் நன்றாகவே விலைபோகிறது. எதிர்முகாமில் இருப்பவர்கள், ஒரு ஷாட்டில் கிழிந்த சட்டை அடுத்த ஷாட்டில் முழுசாக இருப்பதைப் பட்டியல் போடுகிறார்கள். தொடர்ச்சிப் பிழையையும் வரலாற்றுப் பொய்யையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதில் இரு முகாமும் ஒன்றுதான்.

தொடர்ச்சிப் பிழை அவசரத்தின் தழும்பு. 1949இல் நடிகர் குவான் டாக்-ஹிங் குங்ஃபூ நாயகன் வோங் ஃபெய்-ஹங்காக வந்த காலத்திலிருந்தே ஹாங்காங் சினிமா அவசரத்தில் வளர்ந்ததுதான். அதன் உச்சம் 1978இல் வந்த 'கேம் ஆஃப் டெத்'. இறந்து ஐந்தாண்டு ஆகிவிட்ட புரூஸ் லீயின் 1972ஆம் ஆண்டுச் சண்டைக் காட்சிகளைச் சுற்றி, டூப்புகளை வைத்து ராபர்ட் க்ளவுஸ் ஒரு கதையை ஒட்டினார். கண்ணாடியில் லீயின் முகத்தை அட்டையில் வெட்டி ஒட்டியது அப்பட்டமாகத் தெரியும். சிரித்துவிட்டுப் போகலாம். அவருடைய நிஜ இறுதிச்சடங்கையே கதாநாயகனின் போலிச் சாவுக்கு எடுத்துக்கொண்டதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

பொய் வேறு வகை. அதில் ஒரு கணக்கு இருக்கும். வில்சன் யிப் இயக்கிய 'இப் மேன்' (2008) படத்தில் டோனி யென் பத்து கராத்தேக்காரர்களை ஒரே மூச்சில் நொறுக்குகிறார். சம்மோ ஹங் அமைத்த சண்டை அபாரம். பிறகு இப் மேன் ஜப்பானியத் தளபதியை வீழ்த்தி, குண்டடிபட்டு, குடும்பத்தோடு ஹாங்காங்குக்குத் தப்புகிறார். குங்ஃபூ ஆசானான நிஜ இப் மேன் கோமிண்டாங் ஆட்சியில் போலீஸ் அதிகாரி. ஊரைவிட்டுப் போனது 1949இல், கம்யூனிஸ்டுகள் வென்றபோது. ஜப்பானியரிடமிருந்து தப்பியவன் பெய்ஜிங்கிலும் கைதட்டல் வாங்குவான். மற்றவன் வாங்குவானா?

இந்தப் பொய்க்கு வட்டி கட்டியது மனைவி சியுங் விங்-சிங். ஹாங்காங் எல்லை மூடியபின் அவர் சீனாவில், ஃபோஷானிலேயே தங்கிவிட்டார். கணவரிடமிருந்து பிரிந்தபடியே 1960இல் இறந்தார். 'இப் மேன் 3' (2015) அவரை ஹாங்காங்கில் கணவரின் பக்கத்திலேயே வைத்து, புற்றுநோயில் சாகவைக்கிறது. லிஃப்டுக்குள் அவரை மறைத்துக்கொண்டு தாய்லாந்து குத்துச்சண்டைக்காரனோடு இப் மேன் மோதும் காட்சி இந்தத் தொடரிலேயே சிறந்தது. நிஜ மனைவி அங்கே இருந்திருக்கவே முடியாது. நான்காம் பாகம் இப் மேனை அவர் போகாத சான் பிரான்சிஸ்கோவுக்கும் அனுப்பிவிட்டது. அதைப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வோங் கார்-வாய் 'தி கிராண்ட்மாஸ்டர்' (2013) படத்தில் இந்தத் தம்பதியின் பிரிவைத் தொட்டார், ஆனால் மழையிலும் சிகரெட் புகையிலும் கரைத்துவிட்டார். அதே ஆண்டு ஹெர்மன் யாவ் இயக்கிய 'இப் மேன்: தி ஃபைனல் ஃபைட்' யாருடைய பட்டியலிலும் இல்லை. அந்தோனி வோங் அதில் சோர்ந்த, வயிற்றுவலிக்கார ஆசான். சீடர்கள் தொழிலாளர்கள், ஹாங்காங்கில் இப் மேன் முதலில் கற்பித்தது உணவகத் தொழிலாளர் சங்கத்தில்தான் என்பதைப் படம் மறக்கவில்லை. மனைவி ஊர் திரும்புகிறார், எல்லை மூடுகிறது, அடுத்து வருவது சாவுச் செய்தி. கவுலூன் கோட்டைக்குள் ரவுடியோடு நடக்கும் உச்சக்கட்டச் சண்டை கலப்படமில்லாத கற்பனைதான்; தயாரிப்பாளருக்கு ஒரு சண்டை தேவைப்பட்டிருக்கும். அதற்காக யாவ் அந்தப் பெண்ணை எல்லை தாண்டிக் கூட்டிவரவில்லை.