பூங்கா நகரும் வத்தையும்

கொழும்பின் நகரமைப்பை ஆராய்வோர் பேட்ரிக் கெடிஸின் 1921ஆம் ஆண்டு அறிக்கையிலேயே தொடங்குவர். பூங்கா நகர் என்னும் அவ்விலட்சியத்தின் நிழல் கறுவாத்தோட்டத்து மாளிகைகள் மீதே விழுந்தது. கொட்டாஞ்சேனைத் தொழிலாளருக்கு வாய்த்தவை, பல குடும்பங்கள் ஒரே தண்ணீர்க்குழாயைப் பகிரும் வரிசையறைகள். இத்தகைய குடியிருப்புகளையும் சிங்களத்தில் ‘வத்த’, அதாவது தோட்டம், என்றே வழங்குவர் என்பது குரூரமான நகைமுரண்.

நமது மரபுரிமை எழுத்துக்களும் இவ்வர்க்கப் பார்வையினின்று விடுபட்டனவல்ல. சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லிற் புதுப்பித்த பொன்னம்பலவாணேசுவரத்தையும் 1902இல் தோன்றிய விவேகானந்த சபையையும் விதந்துரைப்பவை, அக்கல்லைச் சுமந்தோரையும் அயலிலுள்ள துறைமுகத் தொழிலாளரையும் மறந்துவிடுகின்றன.

வெள்ளவத்தையின் சிக்கல் வேறு. உத்தியோகம் கருதி வந்த மத்தியதர வர்க்கத் தமிழர் எண்ணிட்ட ஒழுங்கைகளிற் குடியமர்ந்தனர். 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் அவற்றுள் 57ஆவதில் உள்ளது. 1983 யூலையில் வாக்காளர் இடாப்புடன் வந்த வன்முறையாளருக்குத் தமிழர் வீடுகளை இனங்காட்டியதும் இதே எண்வரிசைதான். இதனைச் சொல்லாத வெள்ளவத்தை வரலாறு, எத்துணை நுணுக்கமாயினும், பாதி வரலாறே. பழைய வீடுகள் நின்ற இடங்களில் இன்று தொடர்மாடிகள் எழுந்துள்ளன. எந்த இலக்கத்தில் எவர் வாழ்ந்தனர் என்பதை முதியோரிடம் கேட்டுப் பதிந்துகொள்வது நம் ஆய்வாளரின் உடனடிப் பணி.