ஆழாக்கும் உரைநடையும்

தமிழ் உரைநடை பற்றி நம்மவர் போட்ட பட்டியல்கள் எதிலும் (பட்டியல் போடுவது நமது விமர்சனத்தின் நாள்பட்ட வியாதி) எஸ். மீனாட்சி அம்மாளின் பெயரை நான் கண்டதில்லை. ‘சமைத்துப் பார்’ முதல் பாகம் 1951இல் வெளிவந்தது. மேலும் இரண்டு பாகங்கள் தொடர்ந்தன. 1962இல் அம்மாள் காலமான பின்னும் புத்தகம் நிற்கவில்லை. குடும்பத்தார் அச்சிட்டுக்கொண்டே இருந்தார்கள். ‘குக் அண்ட் ஸீ’ என்று ஆங்கிலத்துக்கும் போயிற்று. இத்தனை பேர் இத்தனை வருஷம் வரிவரியாக, விரல் வைத்து, வாசித்த வேறு தமிழ் உரைநடை எது? பாடப் புத்தகத்தைச் சொல்லாதீர்கள்.

இத்தாலியில் பெல்லெக்ரினோ அர்த்தூசி என்பவர் 1891இல் தம் சொந்தச் செலவில் ஒரு சமையல் நூலைப் போட்டார். 1970இல் பியரோ காம்பொரேசி என்ற இலக்கிய ஆய்வாளர் அதற்கு விரிவான முன்னுரை எழுதிப் பதிப்பித்தார். நாவலாசிரியர்கள் சாதிக்காத தேசிய ஒருமையை இந்தச் சமையல் நூல் சாதித்துவிட்டது என்பது அவருடைய வாதம். நம்மிடம் அப்படி ஒரு காரியம் நடக்கவில்லை. சமையல் புத்தகம் அடுக்களையில் இருக்கிறது, விமர்சகர் கூடத்தில் இருக்கிறார்.

முதலில் தலைப்பு. ‘பாக சாஸ்திரம்’ என்று கம்பீரமாகப் பெயர் தாங்கிய நூல்கள் அம்மாளுக்கு முன்பே அச்சாகியிருக்கின்றன. அவற்றில் சாஸ்திரம் பேசும். இங்கே ஒரு மனுஷி எதிரில் இருப்பவளிடம் பேசுகிறாள், ஒருமையில், உரிமையோடு. ‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்பதில் வரும் ‘பார்’ ஒரு மிரட்டல். அதே இலக்கண உருவத்தை எடுத்து, மிரட்டலைக் கழித்துவிட்டு, அழைப்பாக மாற்றியிருக்கிறார் அம்மாள். தெரிந்து செய்ததோ தெரியாமல் செய்ததோ, நல்ல தலைப்பு. நமது கவிதைத் தொகுதிகள் பலவற்றுக்கு இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

அடுத்து, அளவு. பாட்டிமார்களின் சமையல் கண்திட்டத்தில் நடந்தது. ‘ஒரு கை உப்பு’ என்றால் யார் கை என்று கேட்பவள் அந்த வீட்டில் இல்லை. மகள் பம்பாய்க்கோ டில்லிக்கோ தனிக்குடித்தனம் போனதும் அந்தக் கேள்வி எழுந்துவிடுகிறது. செய்முறை கேட்டு உறவில் கடிதங்கள் வர, வழக்கறிஞர் கே.வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் (அம்மாளுக்கு உறவு) புத்தகமாகவே எழுதச் சொன்னார் என்பது புத்தகம் பிறந்த கதை. ஆக, இந்தப் புத்தகத்தின் அடியில் கிடப்பது ஒரு பிரிவு. கண்திட்டம் ஆழாக்காகவும் தோலாவாகவும் மாறிய அந்தக் கணத்தை நவீனம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. ஆனால் பதம் என்று ஒன்று இருக்கிறது. பாகு கம்பியாக இழுபடுவதும், தண்ணீரில் விட்டால் உருளுவதும் ஆழாக்குக்குள் அடங்காது. அங்கே எழுத்து விரலை நம்பித்தான் ஆகவேண்டும். அளவுக்கும் பதத்துக்கும் இடையில் இந்த உரைநடை திணறாமல் போய் வருகிறது. வறுத்து, அரைத்து, கரைத்து, கொதித்து என்று எச்சங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கடைசியில் ஒரு முற்று வந்து சட்டியை இறக்குகிறது. தமிழ் வாக்கியம் எதற்காக இப்படி அமைந்தது என்று சந்தேகப்படுபவர்கள் இதைப் படிக்கலாம்.

என்னைத் தொந்தரவு செய்வது மூன்றாம் பாகம். பண்டிகைகள், கல்யாணம், சுமங்கலிப் பிரார்த்தனை, இவற்றுக்கு என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும் என்ற விவரங்கள். 1905இல் பிறந்த அம்மாள் இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். ஒரு மகனை வளர்த்தவர். அந்தத் தலைமுறையில், அந்தச் சமூகத்தில், கைம்பெண்ணுக்கு மணவறையருகே இடமில்லை என்பதை விளக்க வேண்டியதில்லை. சுமங்கலிப் பிரார்த்தனையின் பெயரே அவரை வெளியே நிறுத்துகிறது. எதன் முன்னால் அவர் நிற்கக் கூடாதோ அதை முழுக்க அவர்தான் எழுதிவைக்கிறார். பின்னர் அந்தப் புத்தகமே புதுப்பெண்ணுக்குச் சீராகப் போகிறது. ஆளை மறுத்த சடங்கு எழுத்தை மஞ்சள் குங்குமத்தோடு வாங்கிக்கொண்டது. பக்கங்களில் ஒரு புகார் இல்லை, ஒரு பெருமூச்சு இல்லை. நமது சிறுகதைக்காரர்கள் கைம்பெண்ணைப் பற்றி நிறையவே கண்ணீர் விட்டிருக்கிறார்கள். இந்த மௌனத்தின் பக்கத்தில் அந்தக் கண்ணீர் சற்று மலிவாகவே படுகிறது.

இதெல்லாம் சொன்ன பிறகு இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் இருப்பது எம்.கே.பி. நகர். மகாகவி பாரதி நகரின் சுருக்கம். மகாகவி சுருங்கியதில் இங்கே யாருக்கும் வருத்தமில்லை. காலையில் காசிமேட்டிலிருந்து நெத்திலியும் சங்கராவும் கூடையில் வரும். வியாசர்பாடியில் 1960களில் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் குடியேறினார்கள். அத்தோவும் மொய்ங்காவும் அவர்களோடு வந்தவை. ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி வேகும் வாசனைக்குத் தெரு முழுக்கச் சொந்தம். இந்த அடுப்புகள் எதுவும் ‘சமைத்துப் பார்’ பக்கங்களில் இல்லை. அது அம்மாளின் குற்றமல்ல; அவர் தம் வீட்டுச் சமையலை எழுதினார், அதற்கு வேறு பெயர் சூட்டவில்லை. ஆனால் 2001இல் பெங்குவின் அதிலிருந்து ஒரு தேர்வை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, அட்டையில் ‘தமிழ்ச் சமையலுக்குச் செவ்வியல் வழிகாட்டி’ என்ற பொருளில் ஒரு துணைத் தலைப்பு ஏறிவிட்டது. ஒரு வீட்டின் அடுக்களை ஒரு மொழியின் அடுக்களையாகிவிட்டது இப்படித்தான். எழுதியவர் கோராததை அட்டை கோருகிறது.

எங்கள் தெருவில் மீன்குழம்புக்குப் புளி கரைக்கும் ஒருத்தியிடம் அளவு கேட்டேன். ‘மீனைப் பாத்தா தெரியாதா?’ என்றாள். அவளுடைய மகள் கல்யாணமாகி மஸ்கட்டில் இருக்கிறாள். இப்போதெல்லாம் ஞாயிறுதோறும் போனில் கேட்கிறாளாம், எத்தனை ஸ்பூன் என்று.