‘தூ’வும் தூய்மையும்

‘தூ!’ ஓரெழுத்துத்தான், அதனுள் அடங்கிய இகழ்ச்சியோ பெரிது! துப்புகையில் வாய் எழுப்பும் ஒலியே சொல்லாயிற்று. ஒவ்வாததை வாய் வெளித்தள்ளும் செயலே வெறுப்பின் குறியாயிற்று என 1872இல் டார்வின் விளக்கினார்.

அவ்வொலியையே காப்பாகவும் கொண்டனர் சிலர். அம்பகரத்தூராயினும் கிரேக்க நாடாயினும் கண்ணேறு அஞ்சுவோர் மும்முறை துப்புகின்றனர். துப்பினால் குழந்தையின் காய்ச்சல் தணியுமெனில் மருத்துவர் எதற்கு?

‘தூ’வுக்குத் தமிழில் தூய்மை என்றும் பொருளுண்டு, தூநீர் என்கிறோம். ‘யாம் தூயர்’ என்றோரே பிறரைத் ‘தூ’ என்றனர்! இளிவரலுக்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என நான்கே நிலைக்களன் வகுத்தார் தொல்காப்பியர். பிறப்பு அவற்றுள் இல்லை. சாதியோ பிறப்பின்மேலேயே துப்பிற்று. பேஷ்வாக்களின் புனேயில் தீண்டப்படாதோரின் எச்சில் நிலத்தில் விழலாகாதென்று அவர்கள் கழுத்தில் மண்கலயம் தொங்கவிட்ட கொடுமையை 1936இல் அம்பேத்கர் எடுத்துக்காட்டினார். காறி உமிழப்பட்டவனுக்கு உமிழ்நீரும் உரிமையில்லை! இதற்குப் பெயர் தூய்மையாம்!

தோழர்களே! ஒலியில் குற்றமில்லை, அது பாயும் இடத்திலேயே குற்றம். மனிதன்மேல் வீசிய அச்சொல்லை, மனிதனை இழிவாக்கும் வழக்கின்மேல் திருப்புங்கள். அன்றுதான் ‘தூ’வும் தூய்மை பெறும்!