தன் புஸ்தகத்தைத் தானே கோப்பது

சொந்தச் செலவில் புஸ்தகம் போடுவது தமிழில் புதிய காரியமல்ல. சி. சு. செல்லப்பா 1997-ல் ‘சுதந்திர தாகம்’ நாவலை மூன்று பாகங்களாகத் தாமே வெளியிட்டார். இன்று ஆசிரியன் கம்ப்யூட்டரில் வேர்டைத் திறந்து பக்கங்களையும் தானே அமைத்துவிடுகிறான். எனக்கு இதில் சந்தோஷம்தான். ஆனால் அப்படி வருகிற புஸ்தகங்களில் பலவற்றை ஐந்து பக்கத்துக்கு மேல் படிக்க முடிவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வரிகளின் இரு ஓரமும் நேராக நிற்க வேண்டும் என்று ஆசிரியன் ஆசைப்படுகிறான். தமிழ்ச் சொற்களோ நீளமானவை. ஈய எழுத்துக் காலத்து அச்சுக்கோப்பவர், இடம் போதாவிட்டால் சொல்லை நடுவில் ஒடித்து மிச்சத்தை அடுத்த வரிக்குக் கொண்டுபோவார். வேர்ட் சொல்லை முழுசாகக் கீழே தள்ளிவிட்டு, மேலே மிஞ்சியவற்றை இழுத்துப் பரப்புகிறது. வரியில் ஓட்டை விழுகிறது. வாக்கியத்தின் நடை தடுக்குகிறது. இடது ஓரத்தை மட்டும் நேராக வைத்தால் நஷ்டம் ஒன்றுமில்லை.

அத்தியாயத்தைப் புதுப் பக்கத்தில் தொடங்க, என்டர் விசையை இருபது தடவை தட்டுகிறவர்களும் உண்டு. ஏ4 தாளை டெமி அளவுக்கு மாற்றியதும் தலைப்பு எங்கோ பக்கத்தின் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். புதுப் பக்கத்துக்கென்று உள்ள ஒரே கட்டளை போதும்.

முன்பெல்லாம் அச்சுக்கோப்பவர், பிழை திருத்துபவர் என்று இரண்டு பேராவது வாசகனுக்கு முன்பே படித்தார்கள். அவர்கள் இல்லாத இடத்தில், ஆசிரியன் தன் எழுத்தை அன்னியன் எழுத்தைப் போலப் படித்தாக வேண்டும். பக்கம் அமைப்பதை அலங்காரம் என்று நினைப்பவன் அந்தக் கடைசி வாசிப்பை இழந்துவிடுகிறான்.