வெட்டும் இடத்தில் தொடங்கும் இசை

பதிவுசெய்த ஒலிகளைக் கொண்டு இசை கட்டுவதைப் பற்றிப் பேச்செடுத்தாலே, மைக்கும் கணினியும் இருந்தால் யார்தான் செய்ய முடியாது என்ற கேள்வி வந்துவிடும். பதிவது எளிது என்பது உண்மைதான். கடினமானது, பதிந்ததில் எதை வைத்துக்கொள்வது, எந்த இடத்தில் வெட்டுவது என்ற முடிவு. 1948இல் பாரிஸ் வானொலியில் பியர் ஷேஃபர் ரயில் ஒலிகளை வைத்து ஒரு படைப்பைச் செய்தார். பாத்தின்யோல் ரயில் நிலையத்தில் இன்ஜின்களைப் பதிந்து, இசைத்தட்டுகளில் சிறுசிறு துண்டுகளாக்கித் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டார். ஒரே துண்டு மீண்டும் மீண்டும் வரும்போது காது இன்ஜினை விட்டுவிட்டுத் தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது. ரயில் என்பதே கேட்பவருக்கு மறந்துபோக வேண்டும் என்றுதான் ஷேஃபர் விரும்பினார். ஆனால் அது மறப்பதில்லை. விசில் ஊதும்போதெல்லாம் நிலையம் திரும்ப வந்து நிற்கிறது. அந்தப் படைப்புக்கு இன்றும் உயிர் இருப்பது அதனால்தான் என்பது என் எண்ணம். ஒலி பிறந்த இடத்தை அழிக்காமல் அதனுள் இருக்கும் ஒழுங்கைக் காட்டுவதே இந்தக் கலையின் தரத்துக்கு அளவுகோல்.

இதைச் சென்னையின் தெற்குப் புறநகரான பெருங்களத்தூரில் வைத்துப் பார்க்கலாம். ஒரு பக்கம் ஜிஎஸ்டி சாலை, அதையொட்டி ரயில் பாதை, பக்கத்தில் பீர்க்கன்காரணை ஏரி, தெற்கே வண்டலூர்க் காடு. வடகிழக்குப் பருவமழை பிடித்த இரவில் ஏரிக்கரைத் தவளைகள் கத்துவது வெறும் கூச்சலாகத்தான் முதலில் படும். சற்றுப் பொறுத்துக் கேட்டால், ஒன்றின் குரல் ஓயும் இடைவெளியில் பக்கத்திலிருப்பது தன் குரலை நுழைப்பது தெரியும். பெரிய தவளையின் குரல் கீழே கரகரக்கும். சில்வண்டின் ரீங்காரமோ பெரும்பாலும் 3,000 ஹெர்ட்சுக்கு மேல், தனக்கென்று ஓர் உயரத்தில் நிற்கும். அமெரிக்க ஒலிப்பதிவாளர் பெர்னி கிராஸ், ஒரு காட்டின் உயிர்கள் ஒலியலைவரிசையைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன என்று வாதிட்டவர். அந்தப் பங்கீட்டின் குறுக்கே தாம்பரம் பக்கமிருந்து மின்சார ரயில் வருகிறது. தவளைகளை மூடிவிடுகிறது, சில்வண்டு மட்டும் அதற்கு மேலே கேட்டுக்கொண்டே இருக்கிறது. ரயில் விலக விலகக் கீழ்க்குரல்கள் ஒவ்வொன்றாக வெளிப்படுகின்றன. நல்ல இசையமைப்பாளர் இதன்மேல் எதையும் ஏற்றத் தேவையில்லை. ரயிலை எந்த நொடியில் நுழையவிடுவது, விலகும் நேரத்தை எவ்வளவு நீட்டுவது என்பதிலேயே அவருடைய கை தெரிந்துவிடும்.

கருவியால் நீட்டியும் வடிகட்டியும் மாற்றுவது இயற்கையைப் பொய்யாக்குவது இல்லையா? இந்த ஆட்சேபத்துக்கு எனக்குத் தெரிந்து மிக நேர்மையான பதில், கனடாவில் ஹில்டேகார்ட் வெஸ்டர்காம்ப் 1989இல் செய்த படைப்பு. வான்கூவரின் கிட்சிலானோ கடற்கரையில் பாறையோடு ஒட்டி வாழும் சின்னஞ்சிறு ஓட்டுயிர்கள் எழுப்பும் நுண்ணிய சொடக்குகளைப் பதிந்திருக்கிறார். பின்னால் நகரம் இரைகிறது. அந்த இரைச்சலை ஒலிக்கூடத்தில் வடிகட்டிவிட முடியும் என்று தன் குரலிலேயே சொல்லிவிட்டு, நாம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அதைக் குறைக்கிறார். மாற்றம் ஒளிவுமறைவின்றி நடப்பதால் அதில் பொய் இல்லை. தூக்கத்துக்கும் தியானத்துக்கும் விற்கப்படும் 'இயற்கை ஒலி'களில் சாலையும் ரயிலும் சொல்லாமலே நீக்கப்படுகின்றன. பொய் என்றால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

ஸ்வரமும் தாளமும் இல்லாததை இசை என்று எப்படி ஏற்பது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் நல்ல ரசிகர்கள். அவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். தம்புராவின் குதிரைக்கும் தந்திக்கும் இடையே நூலை இழை இழையாக நகர்த்தி, நாதம் விரியும் புள்ளியைத் தேடுகிறோமே, அங்கே நாம் ரசிப்பது ஸ்வரத்தையா? ஒலியின் உடலைத்தான் ரசிக்கிறோம். அந்தக் காது நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. தொல்காப்பியமும் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது விலங்கு, பறவை, மரத்தோடு பறையையும் யாழையும் ஒரே வரிசையில் வைக்கிறது. இசை நிலத்துக்கு உரியது என்ற எண்ணம் நமக்கு வெளியிலிருந்து வந்ததல்ல.

நம் நாட்டில் இத்தகைய இசைக்கு ஒரு முன்னோடியும் உண்டு. 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் மூக் சிந்தசைசர் என்னும் மின்னிசைக் கருவியை நிறுவ, மின்னிசைக் கூடம் ஒன்று உருவானது. அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு இந்திய இசையைக் கற்றுக்கொடுத்த கீதா சாராபாய் அதில் பணியாற்றினார், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய் போன்றோரும் இசையமைத்தார்கள். கூடம் சில ஆண்டுகளே இயங்கியது. அங்கே பதிந்த நாடாக்களைக் கலைஞர் பால் பர்காஸ் தேடியெடுத்த பிறகு, 2023இல்தான் அவை வெளியீடாக வந்தன. அரை நூற்றாண்டு அவற்றைக் கேட்க முடியாமல் போனது பெரிய இழப்பு. அடுத்த தலைமுறை அவற்றைக் கேட்டு மறுத்தோ வளர்த்தோ எழுத வழியில்லாமல் போயிற்று.

இன்றைய படைப்புகளில் எனக்குள்ள மனக்குறை ஒன்றுண்டு. தவளைக் குரலைப் பல மடங்கு நீட்டி, அதன்மேல் எதிரொலியைக் கொட்டிவிடுகிறார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அமேசான் தவளையும் பீர்க்கன்காரணைத் தவளையும் அதில் ஒன்றாகிவிடுகின்றன. அந்த நீட்டலை ரயில் கடந்துபோகும் நேரத்தின் அளவுக்காவது கட்டிவைத்தால், எந்த ஏரி, எந்தப் பாதை என்பது கேட்பவருக்கு விளங்கும்.