ஒரு எக்ஸ்ரேயை எவ்வளவு நம்பலாம்?

கருக்குழாய்ப் பாதையைக் காட்டும் எக்ஸ்ரேயான எச்.எஸ்.ஜி.யின் அறிக்கையில் ‘இரு கருக்குழாயிலும் அடைப்பு’ என்று வந்துவிட்டால், பல வீடுகளில் அடுத்த பேச்சே ஐ.வி.எஃப். பற்றித்தான். அத்தனை பெரிய முடிவைத் தாங்கும் வலு அந்த ஒரு படத்துக்கு உண்டா?

எச்.எஸ்.ஜி.யில் கருப்பை வாய் வழியே அயோடின் கலந்த மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கிறார்கள். மருந்து குழாயின் நுனி வழியாக வயிற்றுக்குள் சிந்தினால் பாதை திறந்திருக்கிறது. சிந்தாவிட்டால்தான் சிக்கல். வலியில் கருப்பைத் தசை இறுகினாலும், குழாய் தொடங்கும் இடத்தில் சளி அடைத்திருந்தாலும் மருந்து நின்றுவிடும். 1995-இல் வெளியான தொகுப்பாய்வின்படி, உண்மையிலேயே அடைப்புள்ள 100 பெண்களில் 65 பேரையே எச்.எஸ்.ஜி. கண்டுபிடிக்கிறது, குழாய் நன்றாக உள்ள 100 பேரில் 17 பேருக்கு அடைப்பு என்று தவறாகச் சொல்கிறது. அந்தப் 17 பேரின் கண்ணீருக்கு யார் பொறுப்பு?

வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் பார்க்கும் லேப்ராஸ்கோப்பியில், குழாய் நுனியில் நீலச் சாயம் வழிவதை மருத்துவர் நேரிலேயே பார்க்கலாம். ஒட்டுத்திசுக்களும் எண்டோமெட்ரியோசிஸும் தெரியும், அங்கேயே சரிசெய்யவும் முடியும். ஆனால் மயக்க மருந்தும் அறுவை அரங்கும் வேண்டும். எல்லோருக்கும் முதல் பரிசோதனையாக இதைச் செய்வது நியாயமில்லை.

நுரையைச் செலுத்தி ஸ்கேனில் பார்க்கும் முறையில் கதிர்வீச்சு இல்லை. நெதர்லாந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2022-இல் வெளியான ஆய்வில், நுரை ஸ்கேனை நம்பிச் சிகிச்சை பெற்றவர்களில் 46 சதவீதம் பேருக்கும் எச்.எஸ்.ஜி.யை நம்பியவர்களில் 47 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. வலியோ ஸ்கேனில் கணிசமாகக் குறைவு. எச்.எஸ்.ஜி.யில் நீர்க் கரைசலுக்குப் பதிலாகச் செலுத்தப்படும் எண்ணெய் மருந்துக்கும் ஒரு சிறப்பு உண்டு: 2017-இல் வெளியான இன்னொரு டச்சு ஆய்வில், எண்ணெய் மருந்தால் எச்.எஸ்.ஜி. செய்துகொண்டவர்களில் 39.7 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் கருவுற்றனர். நீர்க் கரைசலில் 29.1 சதவீதம். தைராய்டு கோளாறு உள்ளவர்கள் மட்டும் எண்ணெய் மருந்துக்கு முன் யோசிக்க வேண்டும்.

இவ்விரு டச்சு ஆய்வுகளும் குழாய்க் கோளாறுக்கு வாய்ப்புக் குறைந்த பெண்களிடம் நடந்தவை. பிறப்புறுப்புக் காசநோய் குழாய்களைச் சிதைக்கும் நம் நாட்டில் அவற்றை அப்படியே பொருத்த முடியாது. காசநோயோ, இடுப்புத் தொற்றோ, கடுமையான மாதவிடாய் வலியோ இருந்தவருக்கு லேப்ராஸ்கோப்பியைத் தள்ளிப்போடக் கூடாது.

மற்றவர்களுக்கு முதலில் நுரை ஸ்கேன்; அது கிடைக்காத ஊரில் எச்.எஸ்.ஜி. போதும். ஆனால் கருப்பையை ஒட்டிய அடைப்பு என்று வந்தால், மறுபரிசோதனை இல்லாமல் அதை ஏற்காதீர்கள். கணவரின் விந்துப் பரிசோதனை முடியும் முன் இவற்றில் எதற்கும் சம்மதிக்காதீர்கள்.