பாதை முடிவான பின் பரிசீலனை

கர்நாடகத்தின் காஸில்ராக்கிலிருந்து கோவாவின் குலேம் வரை சுமார் 26 கிலோமீட்டர் இறங்கும் ரயில் பாதையை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஓர் ஆங்கிலேயக் கம்பெனி மர்மகோவா துறைமுகத்துக்காக மேற்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்து அமைத்தது. முப்பத்தேழு அடி தூரத்துக்கு ஓர் அடி உயரம் என்கிற கடும் சரிவில், சரக்கு வண்டிகளை மேலே தள்ளவும் இறக்கத்தில் பிடித்து நிறுத்தவும் உபரி என்ஜின்கள் இன்றும் பின்னால் பூட்டப்படுகின்றன. தூத்சாகர் அருவியின் முன்னால் பாலம் கட்டிச் செல்லும் இந்தத் தடம், பகவான் மகாவீர் சரணாலயத்தையும் மொல்லெம் தேசியப் பூங்காவையும் ஊடுருவுகிறது. இதற்கு இரண்டாவது தடம் ஒன்று வேண்டும் என்று ரயில்வே கோரியபோது, நம் நாட்டில் ஆபத்தை அளந்து பார்க்கும் முறை எத்தகையது என்பது நன்றாக வெளிப்பட்டது.

அந்த முறையின் முதல் விசித்திரம், ரயில் பாதை அதற்குள் பெரும்பாலும் அடங்கவே இல்லை என்பதுதான். சுற்றுச்சூழல் முன் அனுமதிக்காக 2006 செப்டம்பரில் வெளியான அறிவிக்கையின் அட்டவணையில் நெடுஞ்சாலைக்கும் விமான நிலையத்துக்கும், மலைமீது செல்லும் கம்பிவட ஊர்திக்கும்கூட இடம் தந்தவர்கள், ரயில் பாதைக்கு இடம் தரவில்லை. இதற்கு ஆதரவாகச் சொல்லத்தக்க நியாயம் இல்லாமலில்லை: இரும்புச் சக்கரம் இரும்பின்மீது உருளுகையில் உராய்வு குறைவாதலால் ஒரு டன் சரக்குக்கு லாரியைவிட ரயில் குறைவான எரிபொருளையே செலவிடுகிறது, அதற்கு வேண்டிய நிலத்தின் அகலமும் நான்கு வழிச் சாலையைவிடக் குறைவு. ஆனால் சமவெளியில் செல்லுபடியாகும் இந்த வாதம், செங்குத்தான மலையில் பாதியாய்த் தேய்ந்துவிடுகிறது; அங்கே பாதையின் அகலத்தைவிட, அதற்காக வெட்டப்படும் சரிவின் உயரமும், அவ்வெட்டினால் திசைமாறும் நீரோட்டமும் அல்லவா பிரதானம்?

எஞ்சியிருப்பவை 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டமும், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டமும் கோரும் அனுமதிகள். இவற்றை அற்பமென்று தள்ளிவிட மாட்டேன். காட்டு நிலம் எவ்வளவு போகிறது என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளச் செய்வதும், விலங்குகளுக்குச் சுரங்க வழியும் மேம்பாலமும் நிபந்தனையாக விதிப்பதும் உண்மையான பயன்களே. எனினும் இவை வெட்டுண்ணும் மரங்களை எண்ணி, ஈடாக வேறோரிடத்தில் நடவேண்டிய கன்றுகளையும் எண்ணுவதோடு நிறைவடைந்துவிடுகின்றன. பாதை தேவைதானா என்ற கேள்வி அவற்றின் எல்லைக்குள் வருவது அபூர்வம். பொன்னை உருக்கித் தாலி செய்தபின் ஜாதகம் பார்ப்பவர் பொருத்தமில்லை என்று சொல்லத் துணிவாரா? அதிலும், நீண்ட தடத்தைத் துண்டுதுண்டாகப் பிரித்து, சமவெளிப் பகுதிகளில் வேலையை நடத்திக்கொண்டே மலைப் பகுதிக்கு மனுப் போடும்போது, செலவழிந்த பணமே அனுமதிக்கு வாதமாகிவிடுகிறது. ஆய்வறிக்கையைத் தயாரிக்கும் ஆலோசகருக்குக் கூலி கொடுப்பவரும் திட்டத்தை நடத்துபவரேயாதலால், எவ்வளவு நேர்மையான நிபுணரும் பட்சபாதச் சந்தேகத்திலிருந்து தப்ப முடிவதில்லை.

மழையைப் பற்றிய அலட்சியத்தைத்தான் நான் எல்லாவற்றினும் பெரிய குறையென்று கருதுகிறேன். அவசர ஆய்வென்ற பெயரில் மழையில்லாத ஒரே பருவத்தின் தகவல்களை வைத்துக்கொண்டு மதிப்பிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையோ ஜூன் முதல் செப்டம்பர் வரையிலுமே தன் சுபாவத்தைக் காட்டுகிறது. 2021 ஜூலையில், மங்களூரிலிருந்து மும்பை நோக்கிச் சென்ற வண்டி, வழக்கமான வழி அடைபட்டதால் இந்த மலைப்பாதைக்குத் திருப்பிவிடப்பட்டு, தூத்சாகருக்கும் சோனாலிமுக்கும் இடையே மண்சரிவினால் தடம்புரண்டது. அறிக்கையில் இல்லாத ஆபத்து, தண்டவாளத்தின்மீது மண்ணாக வந்து விழுந்தது.

நிலத்தின் குணத்தை முதலில் விசாரித்து, அதன்பின் கட்டுவது சாத்தியம் என்பதற்குச் சீனத்தின் கோல்மூத்–லாசா பாதை சான்று. 2006இல் திறக்கப்பட்ட அந்த 1,142 கிலோமீட்டரில் சுமார் 550 கிலோமீட்டர், ஆண்டு முழுவதும் உறைந்த நிலத்தின்மீது செல்கிறது. அது உருகினால் பாதை அமிழுமென்று உணர்ந்த பொறியாளர்கள், உடைந்த கல் அடுக்குகளையும், வெப்பத்தை உறிஞ்சி வெளியேற்றும் குழாய்களையும், தரையிலிருந்து பாதையை உயர்த்தும் நீண்ட பாலங்களையும் திட்டத்திலேயே சேர்த்தார்கள். திபெத்திய மான்கள் இடம்பெயர 33 வழிகளும் அமைத்தார்கள். நம் கோயம்புத்தூர் மதுக்கரையிலோ, 2021 நவம்பரில் மூன்று யானைகள் ஒரே வண்டியில் அடிபட்டு மாண்டன. காமிரா கொண்டு எச்சரிக்கும் ஏற்பாடு அதற்குப் பின்னரே வந்தது. ஆயினும் சீனத்தின் முறையும் பூரணமன்று. அது பாதையின் உடலைக் காக்கத் தெரிந்துகொண்ட அளவுக்கு, பாதை கொண்டுவந்து சேர்க்கும் சுரங்கங்களையும் நகரங்களையும் தன் கணக்கில் சேர்த்ததாகச் சொல்ல இயலாது.

மொல்லெம் விஷயத்தில், தேவைதானா என்ற கேள்வியைக் கேட்டது வனவிலங்குச் சட்டத்தின்கீழ் அனுமதி வழங்கும் நிலைக்குழு அன்று. உச்ச நீதிமன்றத்தின் மத்திய அதிகாரக் குழு. எவ்வளவு காட்டை அழித்தாலும் சரிவின் கடுமை மாறாதாதலால், இரண்டாம் தடம் சிறிதளவே திறனைக் கூட்டும் என்பது அக்குழு 2021இல் அளித்த அபிப்பிராயத்தின் சாரம். 2022 மே 9ஆம் தேதி நீதிமன்றம் அதை ஏற்று, நிலைக்குழுவின் இசைவை ரத்து செய்தது. விரிவான ஆய்வுக்குப் பின் புதிய மனு அளிக்கவும் வழி வைத்தது. அத்தகைய மனு வருமாயின், அதனுடன் வரும் அறிக்கை நான்கு மழை மாதங்களையும் காட்டில் கழித்து எழுதப்பட்டதா, இரண்டாம் தடமே இல்லாத ஏற்பாட்டுக்கும் அதில் ஓர் அத்தியாயம் உண்டா என்று பார்த்தபின்னரே மற்ற பக்கங்களைப் புரட்ட வேண்டும்.